ரம்பம் ஓடும் வீடு

ரம்பச் சங்கிலியில் இடது பக்கத்துப் பற்களெல்லாம் நீளமாக நிற்கின்றன. இதை இப்போதே சொல்லிவிட்டால் என்ன? காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலிலேயே சொல்லிவிடலாம். ஆனால் சொன்ன பிறகு இந்தச் சமையலறையில் நாங்கள் இருவரும் எந்தப் பக்கம் பார்ப்போம்?

இப்படி நினைத்தபடி லெம்பி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால், சாப்பாட்டு மேஜையில் பழைய செய்தித்தாளை விரித்து, மோட்டார் ரம்பத்தை அதன்மேல் வைத்து, அவள் புருஷன் ஆர்விட் அதன் சங்கிலியை அரத்தால் தீட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்கிற சத்தம். வலது பக்கத்துப் பற்களைத் தீட்டும்போது அரம் சீராகப் போய்த் திரும்பியது. கை மாற்றிப் பிடிக்கவேண்டிய இடது பக்கத்தில் அது பல்லைக் கடிக்காமல் மேலோடு வழுக்கியது. அவனுக்கு அது தெரியவில்லை. காதும் அவனுக்கு அரைக்காதுதான். இத்தனை வருஷ ரம்ப இரைச்சல் மிச்சத்தைத் தின்றுவிட்டது. விரல்தான் சொல்லியிருக்கவேண்டும். விரல் சொல்லவில்லை.

"ஆச்சு," என்றான் ஆர்விட். "இதுல காகிதத்த வச்சாக்கூட அறுபடும், பாரு."

"பாத்தேன்," என்றாள் பார்க்காமலே.

அவன் காபிக் கோப்பையை இரண்டு கைகளாலும் தூக்கிக் குடித்தான். வெயில் காலம்தான். இருந்தும், வருஷக்கணக்கான ரம்ப அதிர்வில் மரத்துப்போன விரல் நுனிகள் மெழுகுவர்த்திபோல வெளுத்துக் கிடந்தன. குளிர்காலத்தில் உள்ளங்கை வரைக்கும் ஏறும் அந்த வெளுப்பு. முதலில் வலியாக இருந்தது. அப்புறம் குறுகுறுப்பு. இப்போது ஒன்றும் இல்லை என்கிறான். ஒன்றும் இல்லை என்பதுதான் அவளைப் பயமுறுத்தியது.

சட்டைப் பொத்தான் போட அவனால் முடியாது. காலையில் அவள் அவன் முன்னால் போய் நின்று, ஏதோ ஆசையில் நிற்பவள்போலப் பொத்தான்களைப் போட்டுவிடுவாள். வசந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். இதுவரை ஒருநாளும் அவன் ஏன் என்று கேட்டதில்லை. சில நாட்களில் நெற்றியில் முத்தம்கூடக் கொடுப்பான். அந்த முத்தம் எதற்கு, பொத்தானுக்கா, கேட்காமல் இருப்பதற்கா என்று யோசிப்பாள்.

ஏப்ரலில் ஒரு சரிவில், மரத்தை வெட்டிக்கொண்டிருந்தபோது ரம்பம் அவன் கையிலிருந்து நழுவிக் கீழே போயிருக்கிறது. யாருக்கும் அடியில்லை. கூட இருந்தவன் ரூடி மட்டும்தான். தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு ஆர்விட் வீட்டுக்கு வந்தான். அதற்கப்புறம் கிழக்குக் காற்று அடிக்க ஆரம்பித்தது. மழையே இல்லை. காட்டுத் தீக்குப் பயந்து காட்டையே மூடிவிட்டார்கள். ஆல்டர் ஃபோர்க் என்கிற அந்த மரவெட்டி ஊரில் எல்லா ஆண்களும் வேலையில்லாமல் வீட்டு வாசலில் பூட்ஸுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தக் கூட்டத்தில் ஆர்விட்டும் ஒருவன். வானம் காய்ந்து கிடக்கிறவரை அவள் புருஷன் மற்றவர்களைப்போலத்தான். முதல் மழை விழுந்ததும் எல்லோரும் காட்டுக்குப் போவார்கள். அவன் போகமாட்டான். ஊரே மழைக்காக மேற்கே பார்த்துக்கொண்டிருந்த கோடையில் லெம்பி மட்டும் மழை வேண்டாம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். அதற்காக வெட்கமும் பட்டாள்.

காடு மூடிக் கிடக்கும் நாட்களில்தான் ஊரில் ரம்பப் போட்டி. ஆற்றோரக் கூழாங்கல் திடலில் நடக்கும்; கல்லில் தீப்பிடிக்காது, பக்கத்தில் தண்ணீர் லாரியும் நிற்கும். வீட்டுக்கு ஒரு ரம்பம். காட்டுக்குப் போகிற அதே ரம்பம்தான், அதில் எதையும் மாற்றக்கூடாது. சங்கிலியை அந்த வீட்டுக் கைதான் தீட்டியிருக்கவேண்டும். இரவல் சங்கிலி, கடையில் தீட்டியது எதுவும் கூடாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். வருஷா வருஷம் இந்த வீட்டிலிருந்து ஆர்விட் போவான், பாதி வருஷங்கள் ஜெயித்தும் வருவான். இந்த வருஷம் தோள்பட்டை என்றான். ஊரில் யாராவது, சரிப்பா, அப்போ உங்க வீட்டிலிருந்து இந்த வருஷம் ரம்பம் இல்லையா என்று கேட்பதற்கு முன்னால் லெம்பி சொல்லிவிட்டாள்:

"நான் அறுக்கறேன்."

ஆர்விட் அவளைத் திரும்பிப் பார்த்தான். "சங்கிலிய நான் தீட்டித் தர்றேன்," என்றான்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

இப்போது அவன் கை கழுவப் பின்பக்கம் போயிருந்தான். அரம் மேஜைமேல் கிடந்தது. லெம்பி அதை எடுத்தாள். அவளுக்குத் தீட்டத் தெரியும். அப்பா வீட்டில் பத்து விரலும் எண்ணெய்க் கறையோடு வளர்ந்தவள். வசந்த காலத்திலிருந்து வீட்டுக்கு விறகு அறுப்பவளும் அவள்தான். இடது பக்கத்தில் பல்லுக்கு இரண்டு இழுப்பு போதும். அவன் திரும்பி வருவதற்குள் முடிந்துவிடும். அரத்தைப் பல்லின் பள்ளத்தில் வைத்தாள். அது அவன் கைச்சூட்டோடு இருந்தது. அவனுக்கே தெரியாத அந்தச் சூடு. வைத்தபடியே கொஞ்சம் நின்றாள். பிறகு எடுத்து, இருந்த இடத்திலேயே, இருந்த கோணத்திலேயே வைத்துவிட்டாள்.

அவன் வந்தான். அரத்தை எடுத்துச் சட்டைப் பையில் செருகிக்கொண்டான். பையின் பொத்தானை அவள் போட்டுவிட்டாள்.

*

ஆற்றுத் திடலில் ஆல்டர் மரக் கட்டைப் புகை கிளம்பி நின்றது. சால்மன் மீனைப் பிளந்து, குச்சியில் விரித்து, தீயைச் சுற்றி நட்டிருந்தார்கள். பெரிய இரும்புச் சட்டியில் பன்றிக்கறி போட்ட பீன்ஸ் கொதித்தது. லெம்பி கொண்டுவந்த ஏலக்காய் ரொட்டியை மேஜையில் வைப்பதற்குள் இரண்டு பேர் கிழித்து வாயில் போட்டுவிட்டார்கள். கோடு போட்ட சட்டையும், தோள்வாரும், கணுக்கால் மேலே வெட்டிவிட்ட கால்சட்டையுமாக ஆண்கள் கட்டைகளைச் சுற்றி நின்று, காதில் விழாததால் உரக்கக் கத்தி, ஒருத்தரை ஒருத்தர் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய், உன் ரம்பம் என்னடா, இருமுது?"

"இருமுதா? அது உன்னப் பாத்துச் சிரிக்குதுடா."

"போன வருஷம் இப்பிடித்தான் சிரிச்சுது. பாதி கட்டையில மூச்சு நின்னுபோச்சு."

ரூடி அவர்களை விலக்கிக்கொண்டு லெம்பியிடம் வந்தான். ஆர்விட்டோடு வருஷக்கணக்காக ஒரே சரிவில் மரம் வெட்டியவன். மெலிந்த உடம்பு, ஓட்டை வாய்.

"என்ன ஆர்விட்," என்றான், "பொண்டாட்டிய முன்னால விட்டுட்டு நீ மீன் திங்கலாம்னு திட்டமா?"

"ஆமாடா. நீ தோத்துட்டு அழறப்ப, தின்னுக்கிட்டே பாக்கணும்ல."

"லெம்பி, கேட்டியா இத? உன் புருஷனுக்குக் கை நல்லா இல்லாட்டியும் வாய்..." ரூடி சட்டென்று நிறுத்தினான். "தோளு. தோளு நல்லா இல்லாட்டியும் வாய் நல்லாத்தான் இருக்கு."

லெம்பி அவனைப் பார்த்தாள். அவன் குனிந்து தன் பூட்ஸ் ஆணிகளுக்கிடையில் மாட்டியிருந்த கல்லைத் தட்டி எடுத்தான். ஏப்ரலிலிருந்து இவன் ஒருவனிடமும் சொல்லவில்லை. இந்த ஓட்டை வாய் ஒன்றை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு இத்தனை மாதம் எப்படித் திரிந்தது?

முன் பெஞ்சிலிருந்து டேக்னி கையசைத்தாள். தார்ப்பாய் நிழலில், மடியில் தட்டோடு, பெரிய உடம்பை விரித்து உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன்மேல் ஒடிந்த கிளை விழுந்து அவன் செத்து இரண்டு வருஷம்.

"லெம்பி! இங்க வா. பயமா இருக்கா?"

"இருக்கு டேக்னி."

"இருக்கணும். இல்லாட்டிக் கால வெட்டிக்குவே. இங்க பாரு, எனக்கு முதத் தட்டு மீனு. ராணி மாதிரி வச்சிருக்காங்க. உக்காந்து உக்காந்து ஒரு பெஞ்ச முழுசா நானே அடச்சுட்டேன்." சிரித்தாள். சிரிப்பு முடிந்ததும் ரம்பங்களைப் பார்த்தாள். "சத்தம் கேட்டா இன்னும் எந்திரிக்கத் தோணுது. நானும்தான் அறுத்தேன் ஒரு காலத்துல. எவனுக்கு ஞாபகம் இருக்கு?"

அந்தப் போட்டியில் அறுபடுகிற மரம் வீணாகாது. சாயங்காலம் எல்லோருமாகச் சேர்ந்து அதைப் பிளந்து, வண்டியில் ஏற்றி, ஒரு வீட்டுக் கொட்டகையில் கொண்டுபோய் அடுக்குவார்கள். ரம்பம் ஓடுவது நின்றுபோன வீடு எதுவோ அந்த வீட்டில். குளிர்காலம் முழுக்க அந்த வீட்டு அடுப்பு எரியும். அடுத்த வருஷத்திலிருந்து அவர்களுக்கு முன் பெஞ்சு, நிழல், முதல் தட்டு. இரக்கமாக ஒரு வார்த்தை யாரும் பேசமாட்டார்கள். அவ்வளவு நாசூக்கான அன்பு. லெம்பியும் எத்தனையோ வருஷம் அந்த விறகைச் சுமந்திருக்கிறாள், அடுக்கியிருக்கிறாள், அடுக்கும்போது நெஞ்சு நிறைந்து நின்றிருக்கிறாள். ஆனால் முன் பெஞ்சில் போய் உட்கார்ந்த வீட்டிலிருந்து ஒருத்தர் மறுபடி எழுந்து வந்து ரம்பத்தைத் தூக்கி அவள் பார்த்ததில்லை. யாரும் தடுப்பதில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

அவளுடைய பயம் அந்தப் பெஞ்சுதான். ஆர்விட் அதில் உட்கார்ந்து, வெளுத்த விரல்களால் தட்டைப் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் அறுப்பதைப் பார்த்துச் சிரிப்பான். நன்றாகவே சிரிப்பான்.

*

போட்டியை நடத்துபவர் டாலிவர். லாரி ஓட்டி ஓய்ந்தவர், பாறை மாதிரி ஆள். அங்கே யாருக்கும் சரியாகக் காது கேட்காது, ரம்பங்கள் வேறு உறுமும் என்பதால், கத்தித் தொடங்கி வைப்பதில் அர்த்தமில்லை. அவர் தன் அலுமினியத் தொப்பியைத் தலைக்குமேல் தூக்கிப் பிடிப்பார். போட்டியாளர்கள் இரண்டு பேரும் ஓடுகிற ரம்பத்தைத் தரையில் வைத்துவிட்டு, கையைக் கட்டைமேல் வைத்துக்கொண்டு தொப்பியையே பார்ப்பார்கள். தொப்பி கையை விட்ட கணம் ஆரம்பம். மேலிருந்து கீழே ஒரு வெட்டு, கீழிருந்து மேலே ஒரு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் கட்டை நுனியிலிருந்து ஒரு வட்ட வில்லை முழுசாக விழவேண்டும்.

முதல் ஆட்டத்தில் அவளுக்கு எதிரே ஒரு லாரிக்காரன். மரியாதைக்காரன்; தொப்பியைக் கழற்றி அவளுக்கு வணக்கம் சொன்னான். கட்டை ஒல்லிக் கட்டை.

தொப்பி விழுந்தது.

லெம்பிக்கு அப்புறம் நடந்ததில் பாதி ஞாபகமில்லை. ரம்பத்தைத் தூக்கியதும் அது கையில் அடங்கியது ஞாபகம் இருக்கிறது. பல் மரத்தைத் தொட்டதும் ஃபர் மரத்தின் பிசின் வாசனை முகத்தில் அடித்தது; தூள் முழங்கால்களில் வெதுவெதுப்பாகக் கொட்டியது. நீளப் பல் நிற்கிற இடது பக்கம் ரம்பம் இழுக்கிறதா? இழுத்தது, மெல்ல. கட்டை ஒல்லி என்பதால் இழுப்பு பெரிதாவதற்குள் வெட்டு முடிந்துவிட்டது. ரம்பத்தைத் தாழ வைத்துவிட்டு நிமிர்ந்தபோது லாரிக்காரனின் வெட்டு இன்னும் பாதியில் இருந்தது.

திடல் முழுக்கக் கத்தியது. கூழாங்கல்லில் பூட்ஸ் ஆணிகளைத் தேய்த்துத் தேய்த்துச் சத்தம் எழுப்பினார்கள்.

"ஏம்மா, இத்தன நாளா எங்க ஒளிச்சு வச்சிருந்தே இதெல்லாம்?"

"ஆர்விட், நீ ஜெயிச்சதெல்லாம் இவ அறுத்துக் குடுத்ததுதானா?"

லெம்பி சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். அவன் கையை மறைக்க வந்தவள் நான், என்று நினைத்தாள். இந்தச் சந்தோஷம் எங்கிருந்து வருகிறது? அதை அடக்கப் பார்த்தாள். அது அடங்கவில்லை. அடுத்து அறுத்த பையனையும் ஜெயித்தாள், அதற்கடுத்தவரையும். கடைசியில் மிஞ்சியது அவளும் ரூடியும்.

கடைசி ஆட்டத்துக்குத் தடித்த கட்டைகளை உருட்டி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லெம்பி அவற்றைக் கண்ணால் அளந்தாள். அத்தனை தடிமனில் எந்த இழுப்பும் ஒளியாது.

அப்போது ஆர்விட் வந்தான். எல்லோரும் பார்க்க, ரம்பத்தைத் தூக்கித் தங்கள் வண்டியின் பின்பலகைமேல் வைத்தான்.

"பல்லு மழுங்கியிருக்கும்," என்றான். "ஒரு தடவ ஓட்டி விடறேன்."

"நல்லாத்தானே இருக்கு."

"ரூடிக்கு எதிரா நல்லா இருந்தாப் பத்தாது."

பையின் பொத்தானைக் கழற்ற முடியாமல் அவன் விரல்கள் தடவின. அவள் சட்டென்று முன்னால் வந்து, அதைக் கழற்றி, அரத்தை எடுத்து அவன் கையில் வைத்தாள். கூட்டத்துக்கு முதுகு காட்டி நின்றாள். ரம்பம் ஆடாமல் பிடிக்கிறவள்போல, உண்மையில் அவன் கைகள் யாருக்கும் தெரியாதபடி.

அவன் தீட்டினான். வலது பக்கம் ஒரு முழுச் சுற்று. இடது பக்கம் ஒரு முழுச் சுற்று. வலது பக்கத்துப் பற்கள் இன்னும் குட்டையாகிக்கொண்டிருந்தன. அவன் முகத்தைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி, உதட்டை உள்ளே மடித்து, தன் பழைய நாட்களின் அதே கவனத்தோடு செய்தான். ஒரு மனிதன் ஒரு வேலைக்குத் தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடுப்பது என்றால் என்னவென்று அந்த முகத்தில் எழுதியிருந்தது. சங்கிலி கெடட்டும், என்று நினைத்தாள். இந்த முகத்தை இந்தக் கூட்டத்தின் நடுவில் நான் நிறுத்தமாட்டேன்.

"போ," என்றான் ஆர்விட். "பூ மாதிரி போகும்."

*

தொப்பி விழுந்தது.

பாதிக் கட்டை வரை அவள் முன்னால் இருந்தாள். அப்புறம் ரம்பம் இடது பக்கம் முகத்தைத் திருப்பியது. அவள் வலப்பக்கம் முறுக்கினாள். சங்கிலி ஓடும் தகட்டை மரம் உள்ளே கவ்விக்கொள்கிற அந்தக் கனமான உறுமல் கேட்டது. இன்னும் முறுக்கினால் வெட்டுக்குள்ளேயே மாட்டி நின்றுவிடும். பக்கத்தில் ரூடியின் ரம்பம் நேராக, ராகம் மாதிரிப் போய்க்கொண்டிருந்தது.

விட்டுவிடு, என்று அவள் உடம்பு சொன்னது. அது எங்கே போகவேண்டுமோ போகட்டும்.

கையைத் தளர்த்தினாள். ரம்பத்தை அதன் வளைவிலேயே போகவிட்டு, அதோடு தானும் இடுப்பைத் திருப்பி, கால் மாற்றி வைத்து, கூடவே போனாள். கவ்வல் விட்டது. சுருதி மறுபடி ஏறியது. வில்லை விழுந்தது. கீழிருந்து மேலே வரும்போதும் அப்படியே, வளைவுக்கு உடம்பைக் கொடுத்தாள். இரண்டாவது வில்லை விழுந்தபோது ரூடி அப்போதுதான், அந்த மூச்சில்தான், ரம்பத்தைத் தாழ வைத்திருந்தான்.

தோற்றது அவ்வளவு கொஞ்சத்தில். ஆனால் தோற்றது பெரிதில்லை.

கடைசி ஆட்டத்தின் வில்லைகளை மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது வழக்கம். டாலிவர் ரூடியின் வில்லையை வைத்தார். சாப்பாட்டுத் தட்டுபோலச் சமமாக உட்கார்ந்தது. லெம்பியின் வில்லையை வைத்தார். அது ஒரு பக்கம் சாய்ந்து, ஆடி, நின்றது. ஒரு ஓரம் உள்ளங்கைத் தடிமன். எதிர் ஓரம் விரல் தடிமன்கூட இல்லை. முகம் கிண்ணம்போலக் குழிந்திருந்தது.

கூழாங்கல்லில் பூட்ஸ் சத்தம் நின்றுபோயிற்று. அங்கே நின்ற ஒவ்வொருவரும் ரம்பத்தால் சோறு தின்றவர்கள். ஒரு வில்லையைப் பார்த்து, அதை அறுத்த சங்கிலியையும், அந்தச் சங்கிலியைத் தீட்டிய கையையும் படிக்கத் தெரிந்தவர்கள். ஆர்விட் வண்டியருகே தீட்டியதை எல்லோரும் பார்த்திருந்தார்கள். அவள் மறைத்து நின்றதெல்லாம் இப்போது மேஜைமேல் இருந்தது.

யார் முதலில் பேசப் போகிறார்கள் என்று லெம்பி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றான் ரூடி உரக்க. "அந்தக் கட்டைய ஏத்தாதீங்கன்னு. முறுக்கு நார் அது. அப்பிடியே கயிறு மாதிரி முறுக்கிக்கிட்டுப் போகுது. எனக்கு அது வந்திருந்தா நான் இன்னும் அறுத்துக்கிட்டுத்தான் இருப்பேன்."

"ஆமாமா," என்றான் அந்த லாரிக்காரன். "முறுக்கு நார்தான். மேல்சரிவு மரமெல்லாம் அப்பிடித்தான்."

"காத்துல வளந்தது."

"யாரு ஏத்துனது அத? டாலிவர், உமக்குக் கண்ணு போச்சா?"

"போச்சுப்பா," என்றார் டாலிவர். "என் தப்புதான்."

நார் முறுக்கியிருந்தால் வில்லை இப்படிக் குழியாது. அது அந்தத் திடலில் நின்ற எல்லோருக்கும், டேக்னிக்கும், தட்டோடு ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கும்கூடத் தெரியும். தெரிந்தே ஒருவர் மாற்றி ஒருவர் சொன்னார்கள். ஒரு மனிதனைக் குளிரில் நிற்கவிடாமல் ஆளுக்கொரு போர்வை கொண்டுவந்து போடுவதுபோல அந்தப் பொய்யைப் போட்டார்கள். இந்த ஜனங்களோடு பிறந்து வளர்ந்து, இவர்களை இத்தனை நாள் முழுசாகப் பார்க்கவில்லை என்று லெம்பிக்குத் தோன்றியது.

ஆர்விட் மேஜையருகே வந்தான். எல்லோரும் வழி விட்டார்கள். வில்லையைத் தூக்கினான். அதன் முகத்தின்மேல் கட்டைவிரலை ஓட்டினான். மறுபடி ஓட்டினான். பிறகு வில்லையை உயர்த்தி, கன்னத்தில் வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக, தாடையிலிருந்து பொட்டு வரைக்கும் அதை நகர்த்தினான். தூள் அவன் தாடியில் ஒட்டியது.

"நார் இல்ல," என்றான். "பல்லு. இடது பக்கத்த நான் தீட்டவே இல்ல. தீட்டுனேன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன்."

வில்லையை மேஜையில் திரும்ப வைத்தான்.

"ஏப்ரல்லேர்ந்து கையில ஒண்ணும் தெரியல. ரூடிக்குத் தெரியும். இவளுக்கும் தெரியும்." லெம்பியைப் பார்த்துச் சிரிக்க முயன்றான். "சட்டைப் பொத்தான் போட்டு விடுவா. நான் கேக்க மாட்டேன்."

ரூடி வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினான்.

*

மீன் பரிமாறி முடிந்தது. வில்லைகளைப் பிளக்கக் கோடரிகளை எடுத்துவர ஆட்கள் கிளம்பினார்கள். டாலிவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு லெம்பியிடம் வந்தார். ஆர்விட் அவள் பக்கத்தில் பின்பலகையில் உட்கார்ந்திருந்தான்.

"லெம்பி," என்றார் டாலிவர். "இந்த வருஷ விறகு எங்க போகணும்னு இன்னும் முடிவு பண்ணல. இப்பப் பேசிக்கிட்டோம். எல்லாருக்கும் ஒரே மனசு."

அவள் முன் பெஞ்சுப் பக்கம் பார்த்தாள்.

"உங்க வீட்டுக் கொட்டகை ஆத்துப் பக்கமா, சாலைப் பக்கமா? வண்டி உள்ள வர வழியிருக்கா?"

"இருக்கு," என்றாள்.

"அப்ப சாயங்காலமே வந்து அடுக்கிடறோம். நீ ஒண்ணும் செய்ய வேணாம். காபி மட்டும் போடு."

ஆர்விட் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "வாங்கிக்க லெம்பி," என்றான் தணிந்த குரலில். "மழ வந்தா நான் காட்டுக்குப் போகப்போறதில்ல. அத எத்தன நாளைக்குச் சொல்லாம இருக்கிறது? சொல்லியாச்சு. இப்ப லேசா இருக்கு. வாங்கிக்க."

முன் பெஞ்சில் டேக்னி உடம்பை ஒதுக்கி இடம் பண்ணிக்கொண்டிருந்தாள். மடியிலிருந்த தட்டைக்கூட மறுபக்கம் மாற்றி வைத்துவிட்டாள். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். அந்த நிழல் நன்றாகத்தான் இருந்தது. அவள் முகத்தில் இருந்த வரவேற்பும் நிஜமானது.

இதில் ஒரு துளியும் தப்பில்லை, என்று லெம்பி நினைத்தாள். இவ்வளவு நல்ல ஜனங்கள். இத்தனை மாதம் எதை மறைத்தேனோ அது திறந்துவிட்டது. ஒன்றும் இடிந்து விழவில்லை. அப்படியானால் இப்போது என்ன பயம்? பயம் இல்லை. தோளில் இன்னும் ரம்பத்தின் அதிர்வு இருந்தது. உள்ளங்கையில் பிசின் ஒட்டியிருந்தது. தடித்த கட்டையில், வளைந்த சங்கிலியோடு, ரூடிக்கு ஒரு மூச்சு பின்னால் வந்தவள் நான். பற்கள் சமமாக இருந்திருந்தால்?

அந்தக் கேள்வி அவளுக்குப் பிடித்திருந்தது.

அவள் ஆர்விட் பக்கம் திரும்பினாள். அவன் சட்டைப் பையின் பொத்தானைக் கழற்றினாள். இந்த முறை அவனை மறைத்து நிற்கவில்லை. அரத்தை எடுத்தாள், பொத்தானை மறுபடி போட்டுவிட்டாள். ரம்பத்தைத் தன் பக்கம் இழுத்து, சங்கிலியை விரலால் நகர்த்தி, இடது பக்கத்து முதல் பல்லைத் தேடி வைத்துக்கொண்டாள்.

"கோணம் சரியா இருக்கா பாரு," என்றாள் அவனிடம்.

அவன் குனிந்து பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். "கொஞ்சம் உள்ள சாச்சுப் பிடி," என்றான். "ம். அவ்வளவுதான்."

முதல் இழுப்பை இழுத்தாள். அரம் கடித்தது.

டாலிவர் தொப்பியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். "லெம்பி, எல்லாருக்கும் ஒரே மனசும்மா."

"தெரியுது டாலிவர். மறக்க மாட்டேன்." அடுத்த பல்லுக்குச் சங்கிலியை நகர்த்தினாள். "டேக்னி வீட்டுக் கொட்டகை பாதி காலியாத்தான் கெடக்கு, போன வாரம் பாத்தேன். அங்கேயே கொண்டுபோங்க. நானும் வர்றேன். பெரிய வில்லையெல்லாம் கோடரிக்கு அடங்காது, குறுக்க அறுத்துத் தர்றேன். டேக்னியும் ஒரு கை பிடிக்கட்டும், கேட்டுப் பாருங்க. அவங்களும் அறுத்தவங்கதான்."

"அப்ப உங்க வீட்டுக்கு?"

"எங்க வீட்டுக்கு வேண்டாம்," என்றாள் லெம்பி, தலை நிமிராமல், அடுத்த பல்லைத் தீட்டிக்கொண்டே.